சாம்பிராணி போட்ட மான்குட்டி

1997 மார்ச் 8, சனி

விடிந்ததிலிருந்து மணல் காற்று. ஜெபல் அலி துறைமுகத்து கிரேன்கள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் டேங்கர் வரவில்லை. இருந்த தண்ணீரில் பாதியை நான் குளித்தே தீர்த்துவிட்டேன் என்று காதர் பாய் புகார். மனிதர் இந்த மான் பண்ணையில் டிரைவர், சமையல், முதலாளி அர்பாபுக்கும் எனக்கும் நடுவில் அரபி மொழிபெயர்ப்பு. அத்தனைக்கும் மேலே என் குளியலையும் கண்காணிக்கிறார்.

தோட்டுக்காரி குட்டி போட்டுவிட்டாள். காதில் மஞ்சள் பட்டை குத்தியிருப்பதால் நான் வைத்த பெயர். தலையீற்று. குட்டி வேலி மூலையில் கிடந்தது. பெட்டை. உடம்பெல்லாம் ஈரம், ஈரத்தின் மேல் மணல், பஜ்ஜி மாவில் முக்கிய வாழைக்காய் மாதிரி. எழுந்து நிற்கப் பார்க்கிறது, முன்கால் மடங்கி விழுகிறது. தாய் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை திட்டினேன். பெற்றவளே இப்படி நின்றால் யார்தான் பார்ப்பது.

தூக்கிக்கொண்டு ரூமுக்கு வந்தேன். கோழி அளவுகூட எடை இல்லை. வெந்நீர் போட்டு, என் சோப்பையே போட்டுக் குளிப்பாட்டினேன். துண்டால் துவட்டி, கா.பா.வின் தூபக்காலில் இரண்டு துண்டு சாம்பிராணி போட்டுப் புகை காட்டினேன். (இங்கே அதை லுபான் என்கிறார்கள். கடைக்குக் கடை கிடைக்கிறது.) எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டினால் புகை காட்டாமல் விடமாட்டார்கள், சளி பிடிக்காது. குட்டி இரண்டு தும்மல் போட்டது. பார்க்க அழகாக இருந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

கா.பா. வாசலில் நின்று: “ஏன் தம்பி, அப்புடியே காதுகுத்துக்கும் நாள் பாத்துருவோமா?”

மார்ச் 9, ஞாயிறு

காற்று நின்றது. மணலை அள்ளிக் கொட்டுவதிலேயே முதுகு போயிற்று.

காலையில் குட்டியைத் தாயிடம் விட்டேன். தோட்டுக்காரி வந்தாள். மூக்கை நீட்டினாள். ஒரு மோப்பம்தான். பின்வாங்கினாள். மறுபடி வந்து நெற்றியால் ஒரே இடி. குட்டி உருண்டு விழுந்தது. மறுபடி தூக்கி நிறுத்தினேன், மறுபடி இடி. மூன்றாவது முறை எனக்கே மனசு வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் வேறொருவருடைய ஆட்டுப் பண்ணை. அதைப் பார்த்துக்கொள்ளும் பட்டான் குல்கானிடம் நேற்று ஈன்ற ஆடு ஒன்று இருந்தது. சீம்பால் கேட்டேன். இந்தியில் சீம்பாலுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் மடியைப் பிடித்துக் கறந்து காட்டி, ‘முதல் பால், மஞ்சள் பால்’ என்று கையாலும் வாயாலும் சொல்லிப் புரியவைத்தேன். கான் சிரித்துக்கொண்டே கறந்து கொடுத்தான். நல்ல மனிதன். மூக்குப்பொடி நாற்றம்தான் தாங்கவில்லை.

கா.பா. டவுனிலிருந்து வாங்கி வந்தவை: பிள்ளைகளின் பால் பாட்டில், நிப்பிள் இரண்டு, பஞ்சு ஒரு கட்டு. கடைக்கார மலையாளி “வாழ்த்துகள்” என்றானாம். கா.பா. மறுக்காமல் வாங்கிக்கொண்டாராம்.

நிப்பிளின் ஓட்டை போதவில்லை. ஊசியைச் சுடவைத்துப் பெரிதாக்கினேன். குட்டி கொஞ்சம் குடித்தது, கொஞ்சம் என் சட்டையில்.

மார்ச் 10, திங்கள்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. புல் கட்டு இறக்கினேன். மேற்கு அடைப்பில் கம்பி தளர்ந்திருக்கிறது, பார்க்க வேண்டும்.

குட்டி பால் குடிக்கிறது, ஆனால் வயிறு உப்பியிருக்கிறது. தட்டினால் டொம் என்கிறது. நேற்றிலிருந்து மூத்திரம் இல்லை, புழுக்கை இல்லை. படுத்தே கிடக்கிறது. ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளை கொடுக்கவில்லை.

கா.பா. போன் போட்டு சூடானி மிருக டாக்டரை வரவழைத்தார். அவர் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஞ்சை வெந்நீரில் நனைத்து வாலுக்குக் கீழே மெல்லத் துடைத்தார். கொஞ்ச நேரம்தான். குழாய் திறந்த மாதிரி போயிற்று. மான் குட்டி தானாகப் போகாதாம். தாய் நக்கிவிட்டால்தான் போகும். பாட்டில் கொடுப்பவனே அதையும் செய்ய வேண்டுமாம், ஒவ்வொரு பாலுக்கும்.

இன்னொன்றும் சொன்னார். மான் குட்டியைத் தாய் ஒளித்துவைத்துவிட்டுத் தள்ளித்தான் நிற்குமாம். கூடவே நின்றால் நரி கண்டுபிடித்துவிடும் என்று. அப்படியானால் சனிக்கிழமை தோட்டுக்காரி தூரத்தில் நின்றது அவள் வேலையைச் செய்துகொண்டுதான். நான் போய்ப் புகுந்தேன். அவளைத் திட்டியது வேறு.

பஞ்சும் வெந்நீருமாக உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு இதைச் செய்ததில்லை. அவள் பிறந்தபோது நான் இங்கே. முதன்முதலில் பார்த்தபோது நடந்துகொண்டிருந்தாள், என்னைக் கண்டு அழுதாள். நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

குட்டி நின்றது! நாலு காலிலும்.

மதியம் நடந்தது. சாயங்காலம் ஓடியது, வாளியில் முட்டிக்கொண்டது.

பகலெல்லாம் தமிழில் பேச எனக்கு ஆளில்லை. கா.பா. வண்டியோடு போய்விடுவார். அதனால் பால் கொடுக்கும்போது குட்டியிடம் பேசுகிறேன். ஊர் விஷயம், சோற்றில் கல் கிடந்த விஷயம், மச்சான் பண்ணிய துரோகம். எல்லாவற்றையும் காதை ஆட்டிக்கொண்டு கேட்கிறது. குறுக்கே பேசுவதில்லை. கட்டிக்கொண்டவளிடம்கூட இவ்வளவு பேசியதில்லை.

மார்ச் 12, புதன்

கம்பி கட்டினேன். கையில் கீறல். சீப்பு காணவில்லை (கா.பா. மேல் சந்தேகம்).

குட்டி என் குரல் கேட்டால் எங்கிருந்தாலும் வருகிறது. கானிடம் காட்டினேன். “ஏய், வா வா” என்றதும் ஓடிவந்து முட்டியில் இடித்தது. கான் அவன் பாஷையில் கூப்பிட்டுப் பார்த்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தாயிடம் இன்றும் விட்டுப் பார்த்தேன். மோப்பம், இடி. அதே கதை.

மார்ச் 13, வியாழன்

பெட்ரோல் பங்க் போன் பூத்துக்குப் போனேன். வரிசை. முன்னால் நின்ற பங்களாதேஷ்காரன் போனைக் காதில் வைத்து அழுதுகொண்டே இருந்தான், யாரும் அவசரப்படுத்தவில்லை.

என் வீட்டுக்காரி செல்வி கிடைத்தாள். பக்கத்து வீட்டுப் போன், அதனால் சத்தமாகவே பேசுவாள். மகளுக்குப் பல் விழுந்துவிட்டதாம். கூரைமேல் எறிந்தார்களாம். மான் குட்டி கதையைச் சொன்னேன். குளிப்பாட்டியது, சாம்பிராணி, எல்லாம்.  

“ஏங்க, ஒங்கள யாரு அதக் குளிப்பாட்டச் சொன்னது?”

“மணலா இருந்துச்சு புள்ள.”

“இருந்தா இருந்துட்டுப் போவுது! நம்ம ஆடு கருப்பி ஈன குட்டிய ஒங்க தங்கச்சி கழுவி விட்டுச்சே, அது என்னமா முட்டித் தள்ளுச்சு? தாய்க்கு வாசனைதாங்க அடையாளம். சோப்பு போட்டு அதக் கெடுத்துட்டு, சாம்பிராணி வேறயா? புள்ளைய பாக்கப் போறவளுக்குக் கோயிலுக்கு வந்த மாரில்ல இருந்திருக்கும்!”

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. போன் கார்டு சிரிப்பிலேயே தீர்ந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் வெட்கம். தாய் மேல் ஒரு தப்பும் இல்லை. சுத்தம், சுத்தம் என்று நான்தான் அவள் குட்டியை அந்நியமாக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

அர்பாப் வந்தார். தனியாக. நல்ல மனநிலை. பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று கொடுத்தார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “ஸலாம் அலைக்கும் அர்பாப்” என்றேன். அவ்வளவுதான், குட்டி தகர ஷெட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து என் காலடியில் நின்றது. அர்பாப் கண் விரிந்தது. “முர்கேஸ்! யே பஹுத் அச்சா!” என்றார், என் பெயர் அவர் வாயில் அப்படித்தான். என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வைத்தார். நானும் வித்தைக்காரன் மாதிரி கூப்பிட்டேன். அது ஒவ்வொரு தடவையும் வந்தது.

பிறகு கா.பா.விடம் அரபியில் நிறைய. கா.பா. முகம் மாறியது.

“என்ன பாய்?”

“தாயிதான் சேத்துக்கலியே, இத வூட்டுக்குக் கொண்டு போறேங்குறாரு. புள்ளைங்க வெளாடட்டுமாம். அடுத்த வெள்ளி புள்ளைங்களோட வர்றாராம்.”

“தாய் சேத்துக்கிட்டா?”

“கேக்காம இருப்பனா? தாய்க்கிட்ட குடிச்சிச்சுன்னா இங்கயே உட்டுருவாராம். தாய்ட்டேருந்து பிரிக்கிறது பாவம்குறாரு.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். போன வருடம் ஒரு குட்டி இப்படித்தான் அவர் வில்லாவுக்குப் போனது. மார்பிள் தரை. வழுக்கி விழுந்து கால் போயிற்று. பிள்ளைகள் சிப்ஸ் கொடுத்தார்கள், சாக்லேட் கொடுத்தார்கள், மடியில் வைத்துத் தூங்கினார்கள். அன்பாகத்தான். செத்துப்போனதைக் கா.பா.தான் பிக்கப்பில் கொண்டுவந்து வேலிக்கு வெளியே புதைத்தார். அன்றைக்கு அவர் சோறு ஆக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்குள் தோட்டுக்காரி இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

கானிடம் கேட்டேன். அவனுக்கு இதெல்லாம் பழக்கம். தாயின் மூத்திரம் நனைந்த மணல், புழுக்கை, எல்லாவற்றையும் குழைத்துக் குட்டிமேல் பூசு என்றான். தலையிலும் வாலடியிலும் நிறைய. எனக்குக் குமட்டியது. கான் விடவில்லை. “தூ பீ மத் நஹானா” என்றான். நானும் குளிக்கக் கூடாதாம். சோப்புக் கையோடு தொட்டால் பூசியது வீணாம்.

குளிக்காமல் ஒரு நாள் இருந்தது காய்ச்சல் கண்டபோதுதான்.

பூசினேன். குட்டிமேல் பூசியதோடு, என் பழைய சட்டையையும் கொட்டில் மணலில் புரட்டி எடுத்துப் போட்டுக்கொண்டேன். மூக்கில் துணி கட்டலாம் என்றால் கா.பா. முன்னால் மானம் போகும்.

ரூமில் நுழைந்ததும் கா.பா. எழுந்து நின்றார். “வெளிய.” என் பாயும் தலையணையும் வாசலுக்கு வந்தன. “நா ஒளு செஞ்சி தொழுவணும் தம்பி. நீயோ நடமாடுற கொட்டிலா இருக்கே.” நியாயம்தான், தொழுகைக்கு முன் கைகால் கழுவிச் சுத்தமாகிறவர். தினமும் இரண்டு வேளை குளித்து இவரை வெறுப்பேற்றியவன் நான். மனிதர் உள்ளூர ரசிக்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

வெளியே படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

தோட்டுக்காரி மோந்தாள். இடிக்கவில்லை! நின்றாள். குட்டி மடியைத் தேடிக் கீழே நுழைந்தது. அவள் ஒரு எட்டு வைத்து நகர்ந்தாள். குட்டி பின்னாலேயே. அவள் இன்னொரு எட்டு. இப்படியே அடைப்பைச் சுற்றினார்கள். குடிக்க விடவில்லை. ஆனாலும் இடி இல்லை.

செய்ய வேண்டியவை: வாளி கழுவ. புல். பேன் பவுடர் இருக்கிறதா கேட்க (எனக்கு).

மார்ச் 17, திங்கள்

பாட்டிலைக் குறைக்கச் சொன்னான் கான். பசித்தால்தான் மடியைத் தேடும், நிறைந்த வயிறு உன்னைத்தான் தேடும் என்கிறான். சரி என்றேன். காலைப் பால் பாதி. மதியம் இல்லை.

மதியத்திலிருந்து கத்துகிறது. மான் குட்டி கத்துவதை முன்பு கேட்டதில்லை. சன்னமாக, மூக்கால். நான் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். தோட்டுக்காரியும் நின்ற இடத்திலேயே அலைந்துகொண்டிருந்தாள், மடி கட்டியிருக்கிறது, அவளுக்கும் வலிக்கும். வலிக்கிறது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. போய்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டேன்.

கான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டான். நன்றாகத் திட்டினான். பஷ்தோவில் திட்டியதால் பரவாயில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மழை!

விடிகாலையில் இடி, பிறகு கொட்டு கொட்டென்று கொட்டியது. பண்ணை முழுக்கக் குட்டை. ஜெபல் அலி ரோட்டில் வண்டிகள் நின்றுவிட்டதாம். என் படுக்கை ஊறிப் போயிற்று. கா.பா. கதவைத் திறந்து “உள்ள வந்து தொலை” என்றார்.

போகவில்லை. பூசியதெல்லாம் கழுவிக்கொண்டு போகிறதே என்று ஷெட்டுக்கு ஓடினேன். மூன்று நாள் நாற்றமும் வீணென்று நினைத்தேன்.

தகரத்துக்கடியில் மான்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. குட்டி வெளியே, மழையில், நடுங்கிக்கொண்டு. நான் போகலாமா வேண்டாமா என்று நிற்கும்போதே தோட்டுக்காரி கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தாள். குட்டியை மோந்தாள். நக்கினாள். முதுகு, கழுத்து, காது. பிறகு வாலடி. நிறுத்தவே இல்லை, குட்டி தள்ளாடித் தள்ளாடி நின்றது. பிறந்த அன்று நான் செய்ய விடாத காரியம். இன்றைக்குச் செய்து முடித்தாள். பூச்சோடு என் வாசனையும் மழையில் போயிருக்க வேண்டும்.

நான் மழையில் நின்றேன். என்னையும் அது நன்றாகக் கழுவிவிட்டது, அதற்கு வேறு நன்றி.

குடித்ததா என்று பார்க்க முடியவில்லை.

மார்ச் 19, புதன்

வெயில். மணல் மேல் அங்கங்கே பச்சை தெரிகிற மாதிரி ஒரு பிரமை.

குடித்தது. கண்ணால் பார்த்தேன். தோட்டுக்காரி காலை அகட்டி நின்றாள், குட்டி முட்டி முட்டிக் குடித்தது, வால் ஆடிய ஆட்டம்! கானைக் கூப்பிட்டுப் பார் பார் என்றேன். “கான், தேகோ, தேகோ!”

அதுதான் தப்பு. என் சத்தம் கேட்டதும் குட்டி காம்பை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்துவிட்டது. வாயோரம் பால். தோட்டுக்காரி முன்காலால் தரையைத் தட்டினாள், தலையைத் தூக்கினாள், கூட்டத்துக்குப் போய்விட்டாள். அப்புறம் சாயங்காலம் வரை அவள் மனசு மாறவில்லை.

நாலு வார்த்தைதான். அதற்குள் எல்லாம் கெட்டது.

கா.பா.விடம் சொன்னேன். அவர் பருப்பைக் கிண்டிக்கொண்டே: “ஒன் வாயாலதான் வந்துச்சு. வெள்ளிக்கெழமை அர்பாப் ‘கூப்புடு’ம்பாரு. நீ ‘வா’ம்பே. அது ஓடியாந்து நிக்கும். தாயும் சேராது, வண்டில ஏத்திருவாரு.”

“அப்ப நான் பேசலன்னா?”

“அதச் சொல்லு.”

மார்ச் 20, வியாழன்

பேசாத விரதம். ரூமுக்குள் மட்டும் வாய் திறக்கலாம். வெளியே டேங்கர்காரன் எதைத் திறக்க என்று கேட்டான், கையைக் காட்டினேன். ஊமை என்று நினைத்து மெதுவாக, சத்தமாகப் பேசத் தொடங்கினான்.

குட்டி என்னைத் தேடுகிறது. வேலி ஓரம் வந்து நிற்கிறது, காது இரண்டும் என் பக்கம். நான் முதுகைக் காட்டிக்கொண்டு புல் வெட்டினேன். இவ்வளவு நாள் மடியில் வைத்துப் பேசிய ஜென்மத்துக்கு முதுகைக் காட்டுவது லேசில்லை.  ஆனால் பசி வந்ததும் தாயிடம் போய்விடுகிறது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பார்த்தேன். பாட்டிலைக் கா.பா. பறித்து உயரத்தில் வைத்துவிட்டார்.

நாளை அர்பாப் கூப்பிடச் சொன்னால் என்ன செய்வது? முடியாது என்று முதலாளியிடம் சொல்ல முடியுமா. தொண்டை கட்டியது என்று சொல்லலாம் என்றேன். “கிசுகிசுன்னாச்சும் கூப்புடுன்னுவாரு” என்றார் கா.பா. கடைசியில் பல்வலி என்று முடிவாயிற்று. வாயே திறக்க முடியாத பல்வலி.

செல்விக்குப் போன் பண்ணும் நாள். போகவில்லை. ஒத்திகையில் இருக்கும்போது பேச்சு வேண்டாம் என்று தோன்றியது. அடுத்த வாரம் கேட்டால் திட்டுவாள்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் தாடையைச் சுற்றித் துண்டு. உச்சந்தலையில் முடிச்சு. கா.பா. ஒரு உருண்டை துணியைக் கன்னத்துக்குள் அடக்கச் சொன்னார், வீக்கம் தெரியுமாம். கண்ணாடியில் பார்த்தேன். செத்தவனுக்குக் கட்டுகிற வாய்க்கட்டு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக.

ஜும்மா முடிந்து வந்தார்கள். பெரிய வண்டி. அர்பாப், இரண்டு பிள்ளைகள். பெண் கையில் ரிப்பன் வைத்திருந்தாள். வண்டிக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே மெத்தை மாதிரி துண்டு மடித்துப் போட்டிருந்தது. 

குட்டி புல்லுக்குள் படுத்திருந்தது, கழுத்தைத் தரையோடு ஒட்டி. தெரிந்தவனுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அர்பாப் என்னைப் பார்த்து, “முர்கேஸ், புலாவ்” என்றார். கூப்பிடு.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். கா.பா. முன்னால் வந்து அரபியில் ஆரம்பித்தார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வாய் திறக்கவில்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. அர்பாப் என் முகத்தைக் குனிந்து பார்த்தார். “மிஸ்கீன்” என்றார், பாவம் என்று. அவர் குரலில் உண்மையான பரிதாபம். கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன்.

சின்னவன் கல்லெடுத்துத் தகரத்தில் எறிந்தான். டமார். குட்டி துள்ளி எழுந்தது. என்னைப் பார்த்தது. சத்தியமாக என்னைத்தான் பார்த்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருக்கும். துணி உருண்டையைக் கடித்துக்கொண்டு நின்றேன். தோட்டுக்காரி எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றாள். குட்டி அவள் வயிற்றுக்குக் கீழே நுழைந்தது. குடித்தது. வால் ஆடிக்கொண்டே இருந்தது.

அர்பாப் ரொம்ப நேரம் பார்த்தார். “மாஷா அல்லாஹ்.” பிறகு பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார். பெண் அழுதாள். அவர் கையை விரித்தார். “கலாஸ், முடிந்தது. உம்மா இருக்கிறாள்” என்கிற மாதிரி. எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அர்பாப் என் தோளைப் பிடித்தார். “யல்லா, கிளினிக்.” கிளம்பு என்று.

கா.பா. ஏதோ சொல்லித் தடுக்கப் பார்த்தார். நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றிருப்பார். அர்பாப் கேட்கவில்லை. ஆள் வலியில் கிடக்கிறான், நாளையாவது! அவர் வண்டியிலேயே, முன் சீட்டில், ஏசியில் என்னை உட்கார வைத்தார். பின்னால் ஒரு பிள்ளை விசும்புகிறது, இன்னொன்று என் முடிச்சைப் பார்க்கிறது. பொய் என்று ஒப்புக்கொண்டால் எதற்கென்று கேட்பார். சொன்னால் திரும்பிப் போய்க் கூப்பிடச் சொல்வார். வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

டாக்டர் ஹைதராபாத்காரர். துண்டை அவிழ்த்தார், துணி உருண்டையை நான் விழுங்காத குறை. “கோன்ஸா?” எது வலிக்கிறது என்றார். அர்பாப் பக்கத்திலேயே நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு, கவலையோடு. வாய்க்குள் விரல் விட்டுத் தேடினேன். கடைவாயில் ஒன்று கறுத்து இருந்தது. இன்று வரை ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை. அதைக் காட்டினேன்.

பார்த்தார், தட்டினார். நான் சரியான இடத்தில் “ஆ” என்றேன். ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டார்.

அர்பாப் திரும்பக் கொண்டுவந்து விட்டார். இரண்டு நாள் ரெஸ்ட் என்றார். கா.பா. அவர் வண்டி கேட்டைத் தாண்டும்வரை முகத்தை வைத்துக்கொண்டிருந்தார், பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

“யா அல்லா! குட்டிக்குப் பதிலா பல்லக் குடுத்துட்டு வந்திருக்கியே தம்பி!”

வாய் நிறையப் பஞ்சு.  ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிறது, குட்டி மறுபடி குடிக்கிறது. தோட்டுக்காரி அசையாமல் நிற்கிறாள். மரத்தது விடுகிறது, வலி இப்போதுதான் ஏறுகிறது. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. கா.பா. கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்புப் போடவில்லை, புண்ணில் எரியுமாம்.